மகளின் வைரல் லோடு ஏறியிருக்கிறது, மருந்தை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, எடை 38 கிலோ. பிறவியிலேயே எச்.ஐ.வி. தொற்று. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுக்கிறேன். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கூடவே. கட்டுக்குள் இருந்த வைரல் லோடு (ஒரு மில்லி ரத்தத்தில் உள்ள கிருமி எண்ணிக்கை) இப்போது 1,800. மருந்தை மாற்றுவதா? அவளிடம் எச்.ஐ.வி. மாத்திரையையும் சத்து மாத்திரை என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். டோலுடெக்ராவிரை எதிர்க்கும் திறன் இந்தக் கிருமிக்கு அவ்வளவு எளிதில் வருவதில்லை. எண்ணிக்கை ஏறினால், பெரும்பாலும் மருந்து உடம்பில் போதிய அளவு சேரவில்லை என்று பொருள். அதற்கு இரண்டு காரணங்கள் உங்கள் கேள்வியிலேயே தெரிகின்றன.

முதலாவது இரும்புச்சத்து. வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்து விழுங்கினால், குடலில் இரும்பு டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்துக்குப் போதிய அளவு போகாது. கால்சியமும் இப்படித்தான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இரண்டையும் சேர்த்துப் போடலாம். வெறும் வயிறென்றால், இரும்புச்சத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எச்.ஐ.வி. மாத்திரை. ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துவிட்டால் குழப்பமே இல்லை. மெக்னீசியம், அலுமினியம் கலந்த அசிடிட்டி மருந்துகளுக்கு உணவோடு சேர்க்கும் சலுகை கிடையாது, இடைவெளி கட்டாயம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிர் 50 மி.கி. நாளுக்கு இரண்டு வேளை தேவைப்படும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, அவளுக்கு உண்மை தெரியாதது. சத்து மாத்திரையை ஒரு நாள் விட்டால் என்ன என்றுதான் எந்தப் பிள்ளையும் நினைக்கும். உலக சுகாதார நிறுவனம் பள்ளி வயதிலேயே, அதாவது 6 முதல் 12 வயதுக்குள், சொல்லிவிடச் சொல்கிறது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். ஒருவேளை ஏற்கெனவே சந்தேகப்பட்டுக்கொண்டும் இருக்கலாம். ஆலோசகரை உடன் வைத்துக்கொண்டு, நோயின் பெயரையே சொல்லுங்கள். இது எப்படி வந்தது, இதில் அவள் தவறு எதுவும் இல்லை, மருந்தால் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியிருந்தால் உடலுறவால் பிறருக்குப் பரவாது, நாளை திருமணமும் குழந்தையும் அவளுக்கும் உண்டு: இவ்வளவும் அவள் காதில் விழ வேண்டும். அழுவாள், உங்கள் மேல் கோபப்படுவாள், சில நாள் பேசாமலும் இருப்பாள். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வேறு யாருக்குச் சொல்வது என்பதை அவளைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

"ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள், டப்பாவில் மீதியையும் எண்ணுங்கள். மறந்த வேளையை நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும். இரண்டாகப் போடக் கூடாது.

இப்படி 3 மாதம் சரியாகப் போட்டபின் வைரல் லோடு மறுபடி பாருங்கள். 50-க்குக் கீழே இறங்குவதுதான் இலக்கு. அப்போதும் 1,000-க்கு மேல் நின்றால், மருந்து எதிர்ப்புப் பரிசோதனை செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தை மாற்றும் பேச்சை அந்த முடிவை வைத்துக்கொண்டு தொடங்கலாம்.