ஹாக்கின்டாஷ் மேம்படுத்தல்: முதலில் பூட்லோடர், அப்புறம்தான் மேக்ஓஎஸ்

ஹாக்கின்டாஷ், அதாவது ஆப்பிள் தயாரிக்காத கணினியில் மேக்ஓஎஸ் ஓட்டுபவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

மேக்ஓஎஸ் வென்ச்சுரா நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, பூட்லோடர் ஓபன்கோர் 0.8.5. அதற்குப் பிந்தைய செக்கோயாவுக்கு மாற வேண்டும். எதில் முதலில் கை வைப்பது?

பூட்லோடரில், அதாவது மேக்ஓஎஸ்ஸை ஏற்றித் தொடங்கிவைக்கும் ஓபன்கோரில். புதிய ஓபன்கோரும் புதிய கெக்ஸ்ட்களும் (மேக்ஓஎஸ்ஸுக்கான டிரைவர் கோப்புகள்) பழைய மேக்ஓஎஸ்ஸைப் பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் ஏற்றும். பழைய ஓபன்கோர் புதிய மேக்ஓஎஸ்ஸை ஏற்றும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு ஆப்பிள் லோகோவில் நின்றால், குற்றவாளி யார் என்று தேடியே நேரம் போகும்.

ஒரு பென்டிரைவ் போதும். டிஸ்க் யுட்டிலிட்டியில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொல்லி, பென்டிரைவின் மேல்மட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஜியுஐடி பார்ட்டிஷன் மேப்பில் அழியுங்கள். 200 எம்பி இஎஃப்ஐ பகுதி (பூட்லோடர் கோப்புகள் இருக்கும் இடம்) தானாகவே உருவாகிவிடும். இப்போதுள்ள இஎஃப்ஐ கோப்புறையை அப்படியே அதில் பிரதி எடுங்கள். மாற்றங்கள் எல்லாம் இந்தப் பிரதியில்தான். உள் டிஸ்க்கில் இருப்பதைத் தொடவே கூடாது.

மாற்ற வேண்டியவை: பூட் கோப்புறையில் உள்ள பூட்எக்ஸ்64, ஓசி கோப்புறையில் உள்ள ஓபன்கோர்.இஎஃப்ஐ, டிரைவர்ஸில் ஓபன்ரன்டைம், ஓபன்கேனப்பி, ரீசெட்என்விராம்என்ட்ரி. எச்எஃப்எஸ்பிளஸ் இருக்கிறபடியே இருக்கலாம். கெக்ஸ்ட்களில் லிலு, விர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்எவர்கிரீன், ஆப்பிள்ஏஎல்சி ஆகியவற்றை ஒரே நேரத்தில் புதுப்பியுங்கள். லிலு பழையதாக இருந்தால் அதைச் சார்ந்த மற்றவை புதிய மேக்ஓஎஸ்ஸில் ஏறாமலே இருந்துவிடும். ஏசிபிஐ கோப்புகளுக்கு (வன்பொருளை மேக்ஓஎஸ்ஸுக்கு விவரிப்பவை) இதில் வேலை இல்லை.

பிறகு பயாஸின் பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். ஒருமுறை என்விராம் (பூட் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) ரீசெட். வென்ச்சுராவிலேயே கிராஃபிக்ஸ், ஒலி, ஸ்லீப், ஈதர்நெட் நான்கும் சரியா என்று பாருங்கள். சில நாள் அப்படியே ஓடட்டும். திருப்தி என்றால் இந்தப் புதிய இஎஃப்ஐயை உள் டிஸ்க்குக்கு மாற்றி, பழையதைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். டைம் மெஷின் பேக்கப் முடிந்த பிறகே செக்கோயா.

ஓபன்கோர்.இஎஃப்ஐ ஒன்றை மட்டும் மாற்றினேன். "இன்கம்பாட்டிபிள் ஓபன்ரன்டைம்" என்று சொல்லி நின்றுவிட்டது.

இரண்டும் ஒரே வெளியீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். பழைய ஓபன்ரன்டைமைப் புதிய ஓபன்கோர் ஏற்காது. டிபக் பதிப்பையும் ரிலீஸ் பதிப்பையும்கூடக் கலக்காதீர்கள். ஒரு ஜிப், அதற்குள் ஒரு கோப்புறை, அதிலிருந்தே எல்லாம்.

பழைய கான்ஃபிக்.பிளிஸ்ட்டையே (ஓபன்கோரின் அமைப்புக் கோப்பு) வைத்துக்கொள்ளலாமா? கான்ஃபிகரேட்டர் செயலி ஒன்றில் திறந்து சேமித்தால் போதும் என்கிறார்கள்.

வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்படியே அல்ல. ஒவ்வொரு வெளியீட்டிலும் சில கீகள் (அமைப்புப் பெயர்கள்) சேரும், சில போகும், சில வடிவம் மாறும். பெரிய உதாரணம் 0.7.3: அதுவரை யுஇஎஃப்ஐ பிரிவின் டிரைவர்ஸ் பட்டியலில் வெறும் கோப்புப் பெயர் இருந்தது. அந்தப் பதிப்பிலிருந்து ஒவ்வொரு டிரைவருக்கும் பாத், எனேபிள்டு முதலியவை கொண்ட டிக்‌ஷனரி வேண்டும். பழைய வடிவத்தை விட்டுவைத்தால் டிரைவர் எதுவும் ஏறாது. மெனுவில் மேக் டிஸ்க்கே தெரியாது.

சரியான வழி: பதிவிறக்கிய ஜிப்பின் டாக்ஸ் கோப்புறையில் சாம்பிள்.பிளிஸ்ட் இருக்கும். அதையும் உங்களுடையதையும் பிராபர்ட்ரீ என்ற பிளிஸ்ட் எடிட்டரில் அருகருகே திறந்து, பிரிவு பிரிவாக ஒப்பிட்டு, உங்களிடம் இல்லாத கீகளை மட்டும் சேருங்கள். கோப்புறையில் இருப்பதைப் பட்டியலில் ஏற்ற அதே எடிட்டரின் ஓசி ஸ்னாப்ஷாட் போதும். அதன் குறுக்குவழி கமாண்ட்-ஆர். கூட ஷிஃப்டையும் அழுத்தினால் அது கிளீன் ஸ்னாப்ஷாட். அது பட்டியலை முதலிலிருந்து எழுதும், நீங்கள் போட்டிருந்த மின்கெர்னல், மேக்ஸ்கெர்னல் வரம்புகள் (ஒரு கெக்ஸ்ட் எந்த மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து எதுவரை ஏறும் என்பவை) எல்லாம் போய்விடும். விரல் தவறினால் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

கடைசியில் அதே ஜிப்பின் யுட்டிலிட்டிஸ் கோப்புறையில் உள்ள ஓசிவேலிடேட்டை டெர்மினலில் இழுத்துப் போட்டு, பக்கத்தில் கான்ஃபிக் கோப்பையும் இழுத்துப் போட்டு என்டர் தட்டுங்கள். பிழை எதுவும் இல்லை என்று வரும்வரை மறுதொடக்கம் வேண்டாம். போன பதிப்பின் ஓசிவேலிடேட்டை வைத்துச் சோதித்தால் பயனில்லை. கான்ஃபிகரேட்டர் செயலிகளைப் பொறுத்தவரை, அவை எந்த ஓபன்கோர் பதிப்புக்கு எழுதப்பட்டவையோ அதற்கு மட்டும்தான் சரி. பதிப்பு பொருந்தாவிட்டால் தெரியாத கீகளைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். நான் பரிந்துரைப்பதில்லை.

ஓபன்கோரைப் புதுப்பித்ததும் இன்னொரு டிஸ்க்கில் இருந்த ஹை சியெர்ரா மெனுவிலிருந்து காணாமல் போய்விட்டது.

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. 0.7.2 முதல் ஓபன்கோர், பிக் சர் காலத்துக்கு முந்தைய ஏபிஎஃப்எஸ் (ஆப்பிளின் கோப்பு முறைமை) டிரைவர்களைப் பாதுகாப்புக் கருதி ஏற்ற மறுக்கிறது. யுஇஎஃப்ஐ பிரிவில் ஏபிஎஃப்எஸ் என்பதற்குள் மின்டேட், மின்வெர்ஷன் இரண்டையும் -1 ஆக்குங்கள். திரும்ப வந்துவிடும்.

சாஃப்ட்வேர் அப்டேட்டில் எப்போது பார்த்தாலும் "உங்கள் மேக் புதுப்பித்த நிலையில் உள்ளது" என்றுதான் வருகிறது. எஸ்எம்பயாஸ் (மேக்ஓஎஸ்ஸுக்குக் காட்டும் மேக் மாடல்) ஐமேக் 20,1.

அந்த மாடல் டி2 பாதுகாப்புச் சிப் கொண்ட நிஜ மேக்கைச் சேர்ந்தது. செக்யூர்பூட்மாடல் டிசேபிள்டு என்று இருந்தால், டி2 மாடலுக்கான புதுப்பிப்பை ஆப்பிள் சர்வர் காட்டாமல் விடுகிறது. ரெஸ்ட்ரிக்ட்ஈவன்ட்ஸ் கெக்ஸ்ட்டைச் சேர்த்து, பூட்-ஆர்க்ஸில் ரெவ்பேட்ச்=எஸ்பிவிஎம்எம் போடுங்கள் (கான்ஃபிக்கில் இதை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் எழுத வேண்டும்). மறுதொடக்கத்துக்குப் பின் புதுப்பிப்பு தெரியும்.

சிறிய புதுப்பிப்புக்குக்கூடப் பத்து ஜிபிக்கு மேல் இறங்குகிறதே என்று சிலர் கேட்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். சிஸ்டம் வால்யூமின் முத்திரை உடைந்திருந்தால் முழு இன்ஸ்டாலர்தான் வரும். ரூட் பேட்ச் போட்ட, அதாவது சிஸ்டம் கோப்புகளையே மாற்றிய எல்லா இயந்திரத்திலும் இது உண்டு.

வென்ச்சுராவில் வேலை செய்த வைஃபை, சோனோமாவில் இல்லை. அடுத்ததில் வருமா?

கார்டு எது என்று எழுதவில்லை, ஆகவே பிராட்காம், இன்டெல் இரண்டுக்கும் சொல்கிறேன்.

பிராட்காம் பிசிஎம்94360 போன்றவை என்றால், சோனோமாவில் அவற்றுக்கான ஆதரவையே ஆப்பிள் எடுத்துவிட்டது. தானாகத் திரும்பி வராது. வழி, ஓபன்கோர் லெகசி பேட்சரின் ரூட் பேட்ச். அதற்கு முன் இஎஃப்ஐயில் தயாரிப்பு வேண்டும்: கெர்னல் பிரிவின் பிளாக்கில் ஆப்பிளின் ஐஓஸ்கைவாக்ஃபேமிலியை எக்ஸ்குளூட் முறையில் தடுத்து மின்கெர்னல் 23.0.0 என்று வையுங்கள். ஐஓஸ்கைவாக்ஃபேமிலி, ஐஓ80211ஃபேமிலிலெகசி, அதற்குள் இருக்கும் ஏர்போர்ட்பிஆர்சிஎம்என்ஐசி, ஏஎம்எஃப்ஐபாஸ் ஆகிய கெக்ஸ்ட்களைச் சேருங்கள். சிஎஸ்ஆர்-ஆக்டிவ்-கான்ஃபிக் (சிஸ்டம் பாதுகாப்பு அமைப்பு) 03080000, செக்யூர்பூட்மாடல் டிசேபிள்டு. மறுதொடக்கம் செய்து பேட்ச். ஒவ்வொரு புதுப்பிப்பும் சிஸ்டம் வால்யூமைப் புதிதாக எழுதுவதால் பேட்ச் போய்விடும்; மறுபடி போட வேண்டும். அந்த நேரத்தில் வைஃபை இருக்காது என்பதால் ஈதர்நெட் கேபிள் கையில் இருக்கட்டும்.

இன்டெல் கார்டு என்றால், ஏர்போர்ட்இட்எல்டபிள்யூஎம் ஒவ்வொரு மேக்ஓஎஸ்ஸுக்கும் தனித்தனிக் கட்டமைப்பு; சோனோமா 14.4-க்கே தனியாக ஒன்று உண்டு. செக்கோயாவில் இட்எல்டபிள்யூஎம் கெக்ஸ்ட்டும் ஹெலிபோர்ட் செயலியும் சேர்ந்தது எளிய வழி. ஏர்டிராப் கிடைக்காது. ரிகவரியில் ஹெலிபோர்ட் ஓடாது, அங்கேயும் ஈதர்நெட்தான். ஏர்போர்ட்இட்எல்டபிள்யூஎம், இட்எல்டபிள்யூஎம் இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றாதீர்கள். மின்கெர்னல், மேக்ஸ்கெர்னல் கொண்டு பிரித்துவிடுங்கள். கெர்னல் எண்கள்: வென்ச்சுரா 22, சோனோமா 23, செக்கோயா 24.

புளூடூத்துக்கும் அதே கணக்கு. மான்டெரே முதல், அதாவது கெர்னல் 21 முதல், புளூடூல்ஃபிக்ஸப் கெக்ஸ்ட். பழைய இன்ஜெக்டர் கெக்ஸ்ட்டுக்கு மேக்ஸ்கெர்னல் 20.99.99.

நிறுவலின் நடுவில் மறுதொடக்கம் ஆகி, பழைய வென்ச்சுராவே வந்து நிற்கிறது.

நிறுவல் பல முறை மறுதொடக்கம் ஆகும். ஒவ்வொரு முறையும் ஓபன்கோர் மெனுவில் "மேக்ஓஎஸ் இன்ஸ்டாலர்" என்ற பதிவு இருக்கும்வரை அதையே தேர்ந்தெடுங்கள். அது மறைந்த பிறகு உங்கள் டிஸ்க்கின் பெயரை. மெனுவே வருவதில்லை என்றால் ஷோபிக்கரை இயக்குங்கள்.

இன்டெல் காஃபி லேக் இயந்திரம், எஸ்எம்பயாஸ் ஐமேக் 19,1. செக்கோயாவுக்கு அடுத்த டஹோவுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் விலை உண்டு. டஹோ ஆதரிக்கும் இன்டெல் மேக்குகள் நான்கே: 2019 மேக் ப்ரோ, 2020 ஐமேக், 2019-இன் 16 அங்குல மேக்புக் ப்ரோ, நான்கு தண்டர்போல்ட் போர்ட் கொண்ட 2020-இன் 13 அங்குல மேக்புக் ப்ரோ. ஐமேக் 19,1 பட்டியலில் இல்லை. ஐமேக் 20,1-க்கு மாறினால் சீரியல், எம்எல்பி, யுயுஐடி என்ற அடையாள எண்கள் எல்லாம் புதிதாக உருவாக்க வேண்டும். ஐமெசேஜில் மறுபடி நுழைய வேண்டும்.

பலர் மறப்பது யுஎஸ்பி மேப், அதாவது எந்த யுஎஸ்பி போர்ட்டுகள் இயங்க வேண்டும் என்று சொல்லும் கெக்ஸ்ட். அந்தக் கெக்ஸ்ட்டின் இன்ஃபோ.பிளிஸ்ட்டைத் திறந்து பாருங்கள். "மாடல்" என்ற கீயில் பழைய எஸ்எம்பயாஸ் பெயர் எழுதியிருந்தால், புதிய மாடலில் மேப் ஏறவே ஏறாது. 15 போர்ட் வரம்பு திரும்பி வந்து, கீபோர்டு சொருகிய போர்ட் அந்தப் பதினைந்துக்குள் இல்லை என்றால் செட்டப் திரையில் கை கட்டி உட்கார வேண்டியதுதான். வரம்பை நீக்கும் எக்ஸ்எச்சிஐபோர்ட்லிமிட் குவிர்க் (ஓபன்கோர் அமைப்பு) மேக்ஓஎஸ் 11.3-லேயே உடைந்துவிட்டது, அது உதவாது. அந்தக் கீயில் புதிய பெயரை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒலியும் போகும். ஆப்பிளின் ஒலி டிரைவரான ஆப்பிள்எச்டிஏவையே டஹோவிலிருந்து எடுத்துவிட்டதால் ஆப்பிள்ஏஎல்சிக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. யுஎஸ்பி ஒலிச் சாதனம், வூடூஎச்டிஏ அல்லது ரூட் பேட்ச், மூன்றில் ஒன்று. இன்டெலுக்கு டஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே 2025-இல் அறிவித்துவிட்டது. அன்றாட வேலைக்கான இயந்திரம் என்றால் என் ஓட்டு செக்கோயாவுக்கு. டஹோவைத் தனி எஸ்எஸ்டியில் போட்டுப் பாருங்கள்.

ஜிடிஎக்ஸ் 1060 உள்ளது. செக்கோயா?

முடியாது. அந்தக் கார்டு சேர்ந்த பாஸ்கல் வரிசைக்கு என்விடியாவின் வெப் டிரைவர் மேக்ஓஎஸ் 10.13.6-உடன் முடிந்தது. ஆர்எக்ஸ் 580 அல்லது ஆர்எக்ஸ் 6600 போடுங்கள். ஆர்எக்ஸ் 7000 வரிசைக்கு டிரைவரே இல்லை, வாங்கிவிடாதீர்கள்.

மான்டெரேவுக்கு மாறியதிலிருந்து பூட் ஆக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. சாம்சங் 970 எவோ பிளஸ்.

ஏற்றத்தின்போதே ஏபிஎஃப்எஸ் செய்யும் டிரிம், அதாவது காலியான இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் வேலைதான் காரணம். சாம்சங் கன்ட்ரோலர்கள் இதில் மந்தம். கெர்னல் குவிர்க்ஸில் செட்ஏபிஎஃப்எஸ்டிரிம்டைம்அவுட் மதிப்பை 0 ஆக்கினால் பூட் வேகமாகும். ஆனால் அந்த டிரிமும் நடக்காது. டிஸ்க்கில் தாராளமாகக் காலியிடம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய இழப்பில்லை. எப்போதும் நிரம்பி வழியும் டிஸ்க் என்றால் -1-லேயே விட்டுவிட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது சிஸ்டம் டிஸ்க்கை வேறு கன்ட்ரோலர் உள்ளதாக மாற்றுங்கள். கூடவே அந்த எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேர் புதியதா என்று பாருங்கள். ஆரம்பகால ஃபர்ம்வேர் மேக்ஓஎஸ்ஸில் கெர்னல் பேனிக் தரும்.