மின்சாரக் கார்கள் வந்தபின் பெர்ஃபார்மன்ஸ் பெட்ரோல் கார்களுக்கு மவுசு போய்விட்டதா?

போகவில்லை. ஆனால் வேகத்தைக் காரணம் காட்டி அப்படிச் சொல்ல முடியாது. வேகத்தில் பெட்ரோல் கார் தோற்றாகிவிட்டது. நம் பெட்ரோல் கார் பிரியர் கூட்டம்தான் அதை ஏற்க மனமில்லாமல் காப்பிக்கடையில் உட்கார்ந்து இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது.

நான் ஓட்டுவது ஹோண்டாவின் பழைய பெட்ரோல் கார், எஃப்டி2 சிவிக் டைப் ஆர். 225 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர். ஹியுண்டாயின் ‘அயோனிக் 5 என்’ என்ற மின்சாரக் கார் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 3.4 விநாடியில் எட்டிவிடும். சிக்னலில் பக்கத்தில் நின்றால் எனக்குத் தெரியப்போவது அதன் பின்விளக்குதான்.

இத்தனைக்கும் சிங்கப்பூரில் விரைவுச்சாலையிலேயே உச்ச வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். என் எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றில்தான் முழு பலத்தையும் காட்டும். இரண்டாம் கியரில் அதைத் தொடும்போதே வேகமுள் 90-ஐ ஒட்டிவிடுகிறது. அதற்கு மேல் உள்ள கியர்களை அவற்றின் முழுத் திறனோடு ஓட்ட மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குத்தான் போக வேண்டும். மின்சாரக் காரோ 40-லிருந்து 80-க்குச் சட்டென்று தாவும். இந்த ஊரில் அபராதமில்லாமல் அனுபவிக்கக்கூடிய வேகம் அது ஒன்றே.

பிறகு ஏன் பழையதையே கட்டிக்கொண்டு அழுகிறாய் என்பீர்கள். எடைதான் காரணம். என் கார் சுமார் 1,270 கிலோ. ‘அயோனிக் 5 என்’ ஏறத்தாழ 2.2 டன். பேட்டரி தரையோடு கிடப்பதால் அது வளைவில் அதிகம் சாய்வதில்லை, பிடிமானமும் அபாரம். ஆனால் அத்தனை பாரத்தையும் டயரும் பிரேக்கும் தாங்கியாக வேண்டும். இலேசான காரில் முன்சக்கரம் வழுக்கத் தொடங்குவது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் விரலுக்கே தெரியும்.

அந்த அயோனிக்கில் எட்டு கியர் இருப்பதுபோல் நடிக்கும் வசதி உண்டு. கியர் மாறும் உதறலும் வரும், ஒலிபெருக்கியில் எஞ்சின் சத்தமும் வரும். கேலிக்கூத்து என்று சிலர் சிரிக்கிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது, வளைவுக்கு முன் வேகத்தைக் காதால் கணிக்க முடிகிறது. தயாரித்தவர்களே பொம்மைக் கியர் வைக்கிறார்கள் என்றால் எங்கள் ஏக்கம் வெறும் பழம்பெருமை இல்லையே!

சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு உரிமைச் சான்றிதழான சிஓஇ வேறு தன் பங்குக்கு விளையாடுகிறது. திறன் குறைந்த கார்களுக்கான ‘ஏ’ பிரிவுக்குள் வர மின்சாரக் காரின் திறன் 110 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. அதனால் டெஸ்லா மாடல் 3-ஐக்கூட அந்த அளவுக்கு அடக்கி இங்கே விற்கிறார்கள்.

வீட்டுக்கு ஒரே கார் என்றால் மின்சாரக் காரையே எடுங்கள். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த ஹைபிரிட் அதில் அடங்கும், என்னுடையதைப் போன்றவை அடங்கா. ஆகவே கியர் கார் ஆசை இருப்பவர்கள் பழையதைத்தான் தேட வேண்டியிருக்கும். பத்தாண்டு தாண்டிய காருக்குச் சாலை வரி ஆண்டுதோறும் கூடி, 50 விழுக்காடு வரை அதிகமாகும்; அதைக் கணக்கில் வையுங்கள். சிஓஇ-யை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த காரை மட்டும் தொடாதீர்கள். அதை மறுபடி புதுப்பிக்க முடியாது. எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் அந்த ஐந்தாண்டு முடிந்ததும் பதிவை ரத்துசெய்தே ஆக வேண்டும்.