கையெழுத்து போட மட்டுமா தலைவி?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன முறை பள்ளி மேலாண்மைக் குழு அமைத்தபோது என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். கூட்டம் என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் தீர்மான நோட்டு ஏற்கெனவே எழுதி முடித்திருக்கும். சில மாதங்களில் கூட்டமே நடக்காது, நோட்டு மட்டும் வீட்டுக்கு வரும். நானும் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிடுகிறேன். என் மகளுக்கும் அவள் வகுப்பில் பல பிள்ளைகளுக்கும் நாலு வரி சேர்ந்தாற்போல் படிக்க வரவில்லை. கேட்கலாம் என்றால், "நம்ம பிள்ளை அங்கதான் படிக்குது, வாத்தியாரைப் பகைச்சுக்காதே" என்கிறார் கணவர். ஆசிரியரை மாற்றச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் உண்டா? இல்லை என்றால் இந்தப் பதவி எதற்கு? விலகிவிடலாமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விலகாதீர்கள். நீங்கள் விலகினால் அந்த நோட்டு இன்னொரு வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

முதலில் அதிகாரக் கேள்வி. ஆசிரியரை மாற்றவோ நீக்கவோ குழுவுக்கு அதிகாரம் இல்லை. அது இல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. எல் சால்வடோர் நாட்டில் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1991-இல், கிராமப் பெற்றோர் சங்கங்களே ஆசிரியரை நியமிக்கவும் நீக்கவும் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். பள்ளியே இல்லாத ஊர்களுக்குப் பள்ளி வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஆசிரியரிடம் எவ்வளவு காலம் நல்ல வேலை வாங்க முடியும்? கடைசியில் அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள். சாதியும் கட்சியும் ஊன்றிய நம் ஊர்களில் அப்படி ஓர் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

சட்டம் உங்களுக்குக் கொடுத்திருப்பது வேறு. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் பாருங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை உங்கள் வேலை. தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேர் இருந்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். ஆக, நீங்கள் தனி ஆள் இல்லை. இன்னும் 23 பேர் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பது தெரியும் என்று விசாரித்துப் பாருங்கள்.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் செய்தது. ஊருக்கு ஒரு கல்விக் குழு காகிதத்தில் இருந்தது. பெற்றோரில் பெரும்பாலோர் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. உறுப்பினர்களிலேயே பலருக்குத் தாங்கள் உறுப்பினர் என்று தெரியவில்லை. சரி, தெரியாததுதானே குறை என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டு உரிமைகளை விளக்கினார்கள். பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்துப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். குழுக்கள் அப்போதும் அசையவில்லை. ஆனால் சில கிராமங்களில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்தச் சொன்னார்கள். அங்கே வந்து உட்கார்ந்த பிள்ளைகள் படிக்கத் தொடங்கினார்கள்.

உரிமை என்ன என்று தெரிந்தால் மட்டும் போதாது, இன்னார் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று கையில் ஒன்று இருக்க வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த ஆய்வுதான். உங்கள் கையில் இருக்கும் முதல் வேலை உங்கள் கையெழுத்து.

இந்த மாதம் நோட்டு வந்தால், "டீச்சர், இதைப் படிச்சுட்டுப் போடறேன், கூட்டத்திலேயே ஒருமுறை எல்லாருக்கும் வாசிச்சுடலாமே" என்று சொல்லுங்கள். சண்டையாகச் சொல்ல வேண்டாம். நடக்காத கூட்டத்துக்கு மட்டும் கையெழுத்து வேண்டாம். நீங்கள் போடும் கையெழுத்தை நம்பித்தான் தீர்மானம் செல்லுபடியாகிறது, செலவும் நடக்கிறது. பத்தாவது படித்த உங்களுக்குப் புரியாத கணக்கு எதுவும் அதில் இல்லை.

அப்புறம் பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டு மானியம் உண்டு. 31 முதல் 100 பிள்ளைகள் வரை 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000 ரூபாய் என்பது விதி. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். ஒன்றிய அரசு தன் பங்கை நிறுத்திவைத்த 2024-25 போன்ற ஆண்டில் வரவே சிக்கலாக இருந்திருக்கலாம். அதனால் எடுத்த எடுப்பில் "பணம் எங்கே" என்று கேட்காமல், "இந்த வருஷம் எவ்வளவு வந்தது, எதற்கெல்லாம் செலவானது" என்று கேளுங்கள். பதிலை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

சுவரில் ஒட்டுவதால் என்ன ஆகும் என்று தோன்றலாம். உகாண்டாவில் 1991-க்கும் 1995-க்கும் இடையே, மாணவருக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக நூற்றுக்கு 13 ரூபாய் அளவுதான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. மீதியெல்லாம் மாவட்ட அளவிலேயே நின்றுவிட்டது. இது வெளியே வந்ததும், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாள்களில் அரசு வெளியிட்டது. வந்த தொகையைப் பள்ளியிலும் அறிவிப்பாக ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் நூற்றுக்கு 80 அளவு போய்ச் சேர்ந்தது. அறிவிப்பு மட்டுமே காரணமா என்று ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. மேலிருந்தும் கண்காணிப்பு இறுகியது உண்மைதான். ஆனால் எவ்வளவு வர வேண்டும் என்றே தெரியாத பெற்றோர் எதைக் கேட்பார்கள்?

கணவரின் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையை ஒருவர் பொறுப்பில் விட்டிருக்கும்போது யாருக்கும் வரும் பயம் அது. அதற்கு வழி, நீங்கள் தனியாகக் கேட்காமல் இருப்பது. இந்தோனேசியாவில் மத்திய ஜாவாவிலும் யோக்யகர்த்தாவிலும் பள்ளிக் குழுக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குழுவுக்குப் பணம் கொடுத்தும் பயிற்சி கொடுத்தும் பார்த்தார்கள், பெரிய பலன் இல்லை. குழுவை ஊர் மன்றத்தோடு இணைத்த இடங்களில்தான், அதிலும் குழுவை முறையாகத் தேர்ந்தெடுத்து இணைத்த இடங்களில் இன்னும் கூடுதலாக, பிள்ளைகளின் மொழித் தேர்ச்சி உயர்ந்தது. நமக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, சுற்றுச்சுவர் இல்லை, இரண்டு பணியிடம் காலி என்பதையெல்லாம் குழுவின் தீர்மானமாக அங்கே வாசிக்க வையுங்கள். அங்கே வாசித்த பிறகு அது ஊரின் கோரிக்கை. உங்கள் மகளின் பெயர் அதில் எங்கும் வராது.

தலைமை ஆசிரியர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, நலத்திட்டப் பொருள்கள், பயிற்சிக் கூட்டம், இதற்கு நடுவே ஐந்தாறு வகுப்புக்கு மூன்று ஆசிரியர் என்று பல பள்ளிகள் ஓடுகின்றன. தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டம் சொல்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. இதை எழுத்தில் கேட்கத் தலைமை ஆசிரியருக்குத் தயக்கம் இருக்கும், மேலதிகாரி கோபிப்பார். குழு கேட்கலாம். வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போகும் முதல் கடிதம், தலைமை ஆசிரியர்மேல் புகாராக இல்லாமல், அவர் பள்ளிக்கு ஆசிரியர் கேட்பதாக இருக்கட்டும். அதன் பிறகு நோட்டைப் படித்துவிட்டுக் கையெழுத்து போடுகிறேன் என்றால் அவர் முகம் சுளிக்க மாட்டார்.

காலியிடத்துக்குத் தற்காலிக ஆசிரியரை எடுக்கும் நிலை வந்தால் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் தமிழக அரசு 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 7,500, 10,000, 12,000 ரூபாய் மாதச் சம்பளத்துக்கு நிரப்பச் சொன்னது நினைவிருக்கும். மேற்குக் கென்யாவில் இப்படி ஒப்பந்த ஆசிரியரை எடுத்தபோது, இருக்கும் ஆசிரியர்களின் சொந்தக்காரர்களுக்கே பல இடங்கள் போயின. குழுவுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் அது குறைந்தது. விளம்பரம் ஒட்டினார்களா, யார் யார் விண்ணப்பித்தார்கள், எந்தத் தகுதியில் எடுத்தார்கள் என்ற மூன்றும் நோட்டில் எழுதப்பட்டிருந்தால் போதும்.

இனி உங்கள் மனதை அரிக்கும் விஷயம்: பிள்ளைகளுக்குப் படிக்க வரவில்லை. இதைக் குறையாகப் பேசாமல், கூட்டத்தில் ஒரு பொருளாக வையுங்கள். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து, மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஆசிரியர் முன்னிலையிலேயே வாசிக்கச் சொல்லலாம். எழுத்து தெரிந்தவர், சொல் வரை வந்தவர், பத்தி படிப்பவர் என்று எண்ணிக்கை மட்டும் குறியுங்கள், பெயர் வேண்டாம். பிறகு ஊரில் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்கள், இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர்கள் யாராவது இருந்தால், சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளோடு உட்கார முடியுமா என்று கேளுங்கள். ஜவுன்பூரில் பலன் தந்தது இதுதான். மூன்று மாதம் கழித்து அதே பத்தியை வைத்து மறுபடியும் எண்ணுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கதவு திறக்கவே இல்லை என்றால், அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கிறது. இரண்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த 23 பேரின் பெயர்ப் பட்டியலை வாங்கி, பக்கத்துத் தெருவில் இருக்கும் இரண்டு அம்மாக்களைப் பார்த்துப் பேசுங்கள்.