நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது: கணினி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியோடுதான் தொடங்குகின்றன. அதனால் எந்த லேப்டாப் வாங்கலாம் என்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, திடீரென்று முரண்டு பிடிக்கும் கணினிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஏழு வருடமாக வீட்டில் இருக்கும் டெஸ்க்டாப். போன வாரத்திலிருந்து ஆன் செய்தால் திரை வரவே பத்து நிமிடம் ஆகிறது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. சில சமயம் பெட்டிக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம். வைரஸ்தான், விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறான் மகன். மறைந்த என் அப்பாவின் படங்கள் முழுக்க அதில்தான் இருக்கின்றன. போடச் சொல்லட்டுமா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். இன்றைக்கு அந்தக் கணினியில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மகன் சொல்வது வேறு சில கோளாறுகளுக்குச் சரியான வைத்தியம், ஆனால் நீங்கள் எழுதியதில் டிக் டிக் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. வைரஸ் அப்படிச் சத்தம் போடாது. ஏழு வருடத்துக் கணினி என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும் தட்டுகள், அவற்றின் மேல் தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதந்தபடி படிக்கும் ஒரு முனை. ஓரிடத்தைப் படிக்க முடியவில்லை என்றால் அந்த முனை பின்வாங்கிப்போய்த் திரும்ப வந்து மறுபடி மறுபடி முயன்று பார்க்கும், சத்தம் அதிலிருந்து வருகிறது. அது முடியும்வரை விண்டோஸும் காத்துக்கொண்டிருக்கும், திரை உறைந்துபோவது அதனால்தான்.

மகன் நம்பவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைக் காட்டுங்கள். ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் நிற்கும், ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு ஒரு எம்பிகூடத் தேறாது, ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டில் இருக்கும். நல்ல டிஸ்க்கில் அது சாதாரணமாக இருபது முப்பதைத் தாண்டாது. வேலையே நடக்கவில்லை, ஆனால் மூச்சு வாங்குகிறது என்றால் டிஸ்க் தேய்ந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

இந்த நிலையில் விண்டோஸை அழித்துப் போட்டால் அப்பாவின் படங்கள் இருக்கும் இடத்தின் மேலேயே புதிய கோப்புகள் எழுதப்பட்டுவிடும். டிஸ்க் அதற்குள்ளேயே நின்றுபோகவும் கூடும். வைரஸ் ஸ்கேன், டிஃப்ராக், செக்டிஸ்க் எதையும் இப்போது ஓட்டாதீர்கள், எல்லாமே டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைக்கும் வேலைகள். ஒரு வெளி டிரைவ் வாங்கி வாருங்கள். வாங்கி வரும்வரை கணினி அணைந்தே இருக்கட்டும். ஆன் செய்ததும் அப்பாவின் படங்களை முதலில் எடுங்கள், மொத்த ஃபோல்டரையும் ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. ஏதாவது ஒரு கோப்பில் மாட்டிக்கொண்டு நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், பிடிவாதம் வேண்டாம். பாட்டு, சினிமா எல்லாம் கடைசி.

டிஸ்க்கே கண்ணில் படவில்லை, சத்தம் மட்டும் விடாமல் வருகிறது என்றால் அப்போதே அணைத்துவிட்டு, தரவு மீட்பு செய்பவர்களிடம் கொண்டுபோங்கள். செலவு ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டவும் செய்யலாம், அதனால் கொடுப்பதற்கு முன்பே இரண்டு கேள்வி கேளுங்கள்: பார்த்துச் சொல்ல எவ்வளவு, மீட்க முடியாவிட்டாலும் கட்டணம் உண்டா. இரண்டுக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தில் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

படங்கள் பத்திரமாக வெளியே வந்த பிறகு நிதானமாக ஆராயலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் சொந்தப் பதிவேட்டைப் படித்துச் சொல்லும். மஞ்சளிலோ சிவப்பிலோ காட்டினால், முக்கியமாகப் பென்டிங் செக்டர், அதாவது படிக்க முடியாமல் நிற்கும் இடங்கள், என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம். எல்லாம் நலம் என்று காட்டினால் அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், அது சில வெள்ளிதான், தளர்ந்துபோனால் இதே மாதிரி உறைந்து நிற்கும். பிறகு சுழலும் தட்டுகளே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றை வாங்கி, மகன் ஆசைப்பட்டபடி அதில் விண்டோஸைப் புதிதாகப் போடட்டும்.

கேள்வி: திரை முழுக்கச் சிவப்பாகி, உங்கள் கணினி பூட்டப்பட்டுவிட்டது, உடனே மைக்ரோசாப்டைக் கூப்பிடுங்கள் என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது. பயந்துபோய் அந்த எண்ணுக்குப் பேசினேன். ஒரு மென்பொருளை இறக்கச் சொன்னார்கள், இறக்கினேன், அம்பு தானாக நகர ஆரம்பித்தது. வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னதும் சந்தேகப்பட்டு அணைத்துவிட்டேன். பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இனி இந்தக் கணினியைத் திறக்கலாமா? (71 வயது வாசகர், ஈசூன்)

பதில்: ஐயா, இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் வரும்வரை காத்திராமல் உடனே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அந்தக் கணினியைத் திறக்க வேண்டாம். வைஃபை ரௌட்டரை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. வேறொரு போனிலிருந்து வங்கியின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். எண்ணை இணையத்தில் தேடாதீர்கள், உங்கள் வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். சிங்கப்பூரில் பெரிய வங்கிகள் எல்லாவற்றிலும் கணக்கை மொத்தமாக முடக்கிவைக்கும் வசதி உண்டு, கில் ஸ்விட்ச் என்று கேட்டால் போதும். அப்புறம் 1799, அது மோசடிகளுக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண், என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தால் கேட்கலாம். பணம் போயிருக்கிறது என்று தெரிந்தால் போலிசில் புகார் கொடுக்கத் தாமதிக்காதீர்கள். அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ், மின்னஞ்சல் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், ஆனால் அந்தக் கணினியிலிருந்து அல்ல.

சிவப்புத் திரையைப் பற்றி: அது பூட்டு இல்லை, வெறும் இணையப் பக்கம். திரை முழுக்க விரித்து, மூடும் பட்டனை மறைத்து, குரலையும் ஓடவிட்டிருக்கிறார்கள். எஸ்கேப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் சுருங்கிவிடும், இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரிலிருந்து பிரவுசரை மூடலாம், அதுவும் முடியாவிட்டால் பவர் பட்டனை அணையும்வரை அழுத்திப் பிடிக்கலாம். மைக்ரோசாப்டின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. எண்ணைக் கண்டால் மோசடி, யோசிக்கவே வேண்டியதில்லை.

நீங்கள் கூப்பிட்டதோடு நின்றிருந்தால் கணினிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அந்தச் சில நிமிடங்களில் என்ன வைத்துவிட்டுப் போனார்கள் என்று ஸ்கேன் செய்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் தெம்பனிஸ் வாசகிக்கு வேண்டாம் என்ற அதே வைத்தியம் உங்களுக்கு வேண்டும்: ஆவணங்களையும் படங்களையும் மட்டும் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள் ஐயா. படித்தவர்கள், வேலையில் இருக்கும் இளையவர்கள் எல்லாரும் இதில் மாட்டுகிறார்கள். வங்கிப் பக்கம் என்றதும் சுதாரித்துக்கொண்டு அணைத்தீர்களே, அதைச் செய்யத் தவறியவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: லேப்டாப் அரை மணி நேரம் ஓடுகிறது, பிறகு எதுவும் சொல்லாமல் பட்டென்று அணைந்துவிடுகிறது. காலையில் பிரச்சினை இல்லை, மதியம்தான். விண்டோஸ் நடந்ததைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருக்கிறது. பேட்டரியை மாற்றலாமா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: 41 என்ற எண்ணை வைத்துப் பேட்டரியை வாங்கிவிடாதீர்கள். முறைப்படி மூடாமல் அணைந்துபோனேன் என்று விண்டோஸ் அடுத்த முறை எழுந்ததும் எழுதிவைக்கும் குறிப்பு அது, காரணம் அதில் இல்லை. காரணம் நீங்கள் எழுதிய ஒரு சொல்லில் இருக்கிறது: மதியம். வெளியே 32 டிகிரி, அறையில் ஏர்கான் இல்லை, விசிறிக் காற்றும் சூடு. பிராசஸர்கள் பொதுவாக 100 டிகிரி வாக்கில் வந்ததும் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். நம் வீடுகளில் கணினி மேசை சாமி மேடைக்குப் பக்கத்தில் இருப்பது சகஜம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் ஊதுபத்திச் சாம்பலும் விசிறிக்குள் போய், ஈரக்காற்றில் பிசுபிசுத்து, தூசியோடு சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி அடைத்துக்கொள்ளும். ஊதினால் போகாது, பின்மூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். கழற்றத் தெரிந்தால் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, விசிறியை ஒரு பல்குச்சியால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்யுங்கள், காற்று ஊதும்போது அது தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். ஆனால் டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மூடி சரியாக உட்காராமல் அடியில் வீங்கியிருந்தாலோ திறக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அது உப்பிப்போன பேட்டரி, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: தினமும் காலையில் கணினியில் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்கிறது. (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: மதர்போர்டில் வெள்ளிக்காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. மின்கட்டணத்தை நினைத்து இரவில் சுவரில் இருக்கும் ஸ்விட்சையே அணைக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி அணைத்த நேரத்தில் மட்டும்தான் அந்தப் பேட்டரி கடிகாரத்தை ஓட்டும், அதனால் சீக்கிரம் தீரும். இணையத்தளங்களின் சான்றிதழ்களுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று கெடு உண்டு, கணினியின் தேதி அதற்கு வெளியே போனால் எல்லாமே போலி மாதிரித் தெரியும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும். நேரம் மட்டும் சரியாக இரண்டரை மணி பின்னால் இருந்தால் அது வேறு கதை, இந்திய நேரத்தில் இருக்கிறது, ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்களில் பார்க்கலாம். டைம் ஸோனைக் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 1998 வாக்கில் நான் தட்டச்சு செய்து வைத்திருந்த நாடகப் பிரதிகள் பழைய கணினியில் நன்றாகத் திறந்தன. புதிய கணினியில் ஒரே கிறுக்கல். கோப்புகள் கெட்டுவிட்டனவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தோ பாயோ)

பதில்: கெடவில்லை ஐயா, ஒரு எழுத்துகூடப் போகவில்லை. ஆனால் அந்தக் கோப்பில் எதையும் திருத்திச் சேமித்துவிடாதீர்கள், முதலில் இன்னொரு பிரதி எடுத்துத் தனியாக வையுங்கள்.

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கம் பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தன் இஷ்டப்படி வெவ்வேறு எண்களில் வைத்திருந்தது. கோப்பில் இருப்பது அந்த எண்கள்தான். பழைய கணினியில் அந்த எழுத்துரு இருந்தது, தமிழாகக் காட்டியது, புதியதில் இல்லை, அவ்வளவுதான். நம் ஊரிலேயே நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் எழுத்து முறையைக் கணினிக்காக உருவாக்கினார், 1997இல் இங்கே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் கணியன், முரசு, பிறகு டிஸ்கி குறியாக்கம் என்று பலவும் புழங்கின. உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

கோப்பை வேர்டில் திறந்து, கிறுக்கலின் நடுவே ஒரு வார்த்தையைச் சொடுக்கி, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் காட்டுகிறது என்று பாருங்கள். பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால் அதே எழுத்துருவை அதன் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து வந்து புதியதில் நிறுவினால் அன்றைக்கே படித்துவிடலாம். அந்தக் கணினியை இதற்குள் மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன, மூலக் குறியாக்கத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பக்கம் பக்கமாக மாறிவிடும். கிரந்த எழுத்துகளும் கொம்பு சேரும் எழுத்துகளும்தான் சில நேரம் பிசகும், அவற்றை மேடையில் பயன்படுத்திய அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். மாற்றி முடித்த பிறகும் மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம், பின்னால் ஏதாவது ஒரு வரியில் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள அவைதான் இருக்கின்றன.