போனிலேயே மனை விற்க முடியுமா?

கேள்வி: திருச்சி உறையூரில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடம் போகிறார்கள். ரியல் எஸ்டேட் தொழிலில் இறங்க ஆசை. சென்னையில் கூடுவாஞ்சேரி பக்கம் போடும் லேஅவுட் மனைகளை வீட்டிலிருந்தே போன், வாட்ஸ்அப் வைத்து விற்றுக்கொடுக்க முடியுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: காகித வேலையில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்க்கலாம், வழிகாட்டி மதிப்பு (பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை) பார்க்கலாம், வருவாய்த்துறை தளத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்துவிடலாம். ஆனால் வில்லங்கத்தில் பதிவான பத்திரம் மட்டும்தான் வரும். அண்ணன் தம்பி பாகத் தகராறு அதில் வராது, அது தெருமுனை டீக்கடையில்தான் தெரியும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஓனர் அனுப்பிய போட்டோவை நம்பி ஒரு மனையைப் பேசி முடித்தேன். பட்டா சுத்தம், வில்லங்கமும் சுத்தம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வாங்கும் பார்ட்டி குடும்பத்தோடு பார்க்கப் போனார். வரைபடத்தில் 20 அடி ரோடு. அங்கே போனால் பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டை ரோட்டில் இறக்கிவிட்டு, மிச்ச இடத்தில் மாட்டைக் கட்டியிருக்கிறார், கார் திரும்பக்கூட வழியில்லை. அந்தப் பார்ட்டி அப்புறம் என் போனை எடுக்கவே இல்லை.

இன்னொன்று. ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி (2016) பதிவான லேஅவுட்டிலோ அபார்ட்மெண்டிலோ விற்றுக்கொடுக்க வேண்டுமானால் ஏஜெண்டும் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து போனில் விற்றாலும் இதே கதைதான். செய்யாமல் விற்றால் அபராதம் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய், அது மனை விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். உங்கள் கமிஷனே அவ்வளவு வராதே!

சரி, என்ன செய்யலாம்? கூடுவாஞ்சேரியை இப்போதைக்கு விடுங்கள். உறையூரிலும் தில்லைநகரிலும் வாடகை வீட்டில் ஆரம்பியுங்கள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், முடித்துக்கொடுத்தால் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கமிஷன். திருச்சியில் வீட்டை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்கள் நிறைய பேர். அவர்களால் வர முடியாது என்பதால்தான் உங்களைத் தேடுவார்கள், அதனால் நீங்களும் வீட்டைவிட்டு வரமாட்டேன் என்றால் எப்படி? குழாயைத் திறந்து, மோட்டாரைப் போட்டு, மழை நாளில் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று வீடியோ எடுத்து அனுப்புங்கள். அப்படி வாடகைக்குக் கொடுத்த வீட்டை என்றைக்காவது விற்க நினைத்தால் முதலில் உங்களுக்குத்தான் போன் வரும்.

ஒரு பத்து வீடு முடித்துவிட்டு எழுதுங்கள், கூடுவாஞ்சேரியைப் பற்றிப் பேசலாம்.