ஜப்பானில் திருட்டுக் கொடுத்தால் சொல்ல வேண்டியவை, வேலை தேடும்போது அஞ்ச வேண்டியவை

தம்பி, ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த மிதிவண்டி காணாமற்போனதைக் கோபான் காவற்கூடத்தில் சொல்லப் போய், "கோட்டோ" என்ற சொல்லைப் பயன்படுத்தியதும் காவலர் பதறி, கத்தி காட்டினார்களா, காயம் உண்டா என்று விசாரித்ததாக எழுதியிருந்தீர்கள். இனி எந்தெந்தச் சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

அவர் பதறியதில் நியாயம் உண்டு. கோட்டோ என்றால் அடித்தோ மிரட்டியோ பறிக்கும் கொள்ளை. தண்டனைச் சட்டத்தின் 236ஆம் பிரிவு அதற்குக் குறைந்தபட்சமே 5 ஆண்டுச் சிறை விதிக்கிறது. வன்முறையில்லாத திருட்டு செட்டோ. ஆனால் அது சட்டத்திலும் செய்தியிலும் வரும் சொல். நீங்கள் "ஜிட்டென்ஷா ஓ நுசுமரேமாஷ்டா", அதாவது மிதிவண்டி திருடு போய்விட்டது, என்று சொன்னாலே போதும். பூட்டியிருந்தீர்களா என்று கேட்பார்கள். போஹன் டோரொக்கு எனப்படும் பதிவெண்ணையும் கேட்பார்கள். அந்த எண் வண்டியில் ஒட்டிய வில்லையில் இருப்பதால் வண்டியோடு போயிருக்கும். ஆகவே வாங்கிய கடையில் கொடுத்த பதிவுச் சீட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றிருந்தால் நகராட்சியே அள்ளிச் சென்றிருக்கவும் கூடும்; அதற்கு டெக்கியோ என்று பெயர். அதையும் விசாரித்துவிடுங்கள்.

ஆளில்லாத வீட்டில் புகுந்து திருடுவது அக்கிசு, தெருவில் கைப்பையைப் பிடுங்கி ஓடுவது ஹிட்டக்குரி, கடையில் பொருளை ஒளித்துக்கொண்டு போவது மன்பிக்கி. அவசரத்துக்குக் காவல்துறையின் 110 எண்ணை அழைத்தால், நடந்தது "ஜிக்கென்" எனும் குற்றமா, "ஜிக்கோ" எனும் விபத்தா என்பதே முதற் கேள்வியாக வரும்.

இவற்றைவிட முக்கியமாக நீங்கள் அறிய வேண்டிய சொல் யாமி பைட்டோ, அதாவது பகுதிநேர வேலை என்ற பெயரில் ஆள் பிடித்துக் குற்றம் செய்ய வைக்கும் இருட்டு வேலை. வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டுமே வேலை பார்க்க அனுமதியுள்ள மாணவருக்கு, ஒரே நாளில் பெருந்தொகை என்னும் சமூக ஊடக விளம்பரம் ஆசை காட்டத்தான் செய்யும். விண்ணப்பித்ததும் பேச்சைச் சிக்னல், டெலிகிராம் போன்ற செயலிகளுக்கு மாற்றி, அடையாள அட்டையின் படத்தை வாங்கிக்கொள்வார்கள். பின்வாங்கினால் வீட்டுக்கு வருவோம் என்று மிரட்டுவார்கள். ஏமாந்த முதியவரிடம் பணம் வாங்கி வரும் உகேக்கோ, அவரது வங்கி அட்டையால் பணம் எடுக்கும் தஷிக்கோ, வீடு புகுந்து கொள்ளையடிக்கும் டடாக்கி ஆகியவையே அந்த "வேலைகள்". 2023 ஜனவரியில் டோக்கியோவின் கொமாயே நகரில் 90 வயது மூதாட்டி கொல்லப்பட்ட கொள்ளையும் இப்படி ஆள் சேர்த்து நடத்தியதுதான். கொள்ளையில் உயிர் போனால் தண்டனை ஆயுள் சிறை அல்லது மரணம். "சொன்னதைத்தான் செய்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

படத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்ட நண்பர் யாராவது இருந்தால், #9110 என்ற காவல்துறை ஆலோசனை எண்ணை உடனே அழைக்கச் சொல்லுங்கள். இப்படி மிரட்டப்படுவோரையும் அவர்கள் குடும்பத்தையும் பாதுகாப்போம் என்று காவல்துறை 2024 அக்டோபரில் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது.