முணுமுணுத்தால் பாட்டு கிடைக்கும், காசு கிடைக்குமா?

தொழில் கேள்வி – பதில்

கேள்வி: திருவையாற்றில் வாய்ப்பாட்டு படிக்கும் மாணவி நான். கச்சேரியில் ஒரு பாட்டு மனத்தில் ஒட்டிக்கொண்டால், அது என்ன பாட்டு என்று தெரியாமல் பலர் தவிக்கிறார்கள். ஃபோனில் உள்ள தேடல் செயலிகளிடம் பாடிக் காட்டினால் ஏதாவது சினிமாப் பாட்டைக் காட்டுகின்றன. கர்நாடக இசைக்கென்றே ஒரு செயலி செய்தால் என்ன? ஃபோனை நீட்டினாலோ முணுமுணுத்தாலோ பல்லவி, ராகம், தாளம், இயற்றியவர் எல்லாம் வந்துவிட வேண்டும். மாதக் கட்டணம் 99 ரூபாய். பொறியியல் படித்த நண்பர் ஒருவர் செய்து தருவதாகச் சொல்கிறார். இது ஓடுமா? யோசனையை யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று பயமாக இருக்கிறது. என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்: பெயரை வெளியிடவில்லை. யோசனையை வெளியிட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பகுதிக்கு எழுத வருவதற்கு முன் கும்பகோணத்தில் கேசட் கடை வைத்திருந்தவன் நான். அந்தக் கடையில் உங்கள் செயலியின் வேலையை நான்தான் பார்த்தேன். "காலையில் ரேடியோவில் வந்தது, நடுவில் 'ராமா' என்று வரும்" என்பார்கள். தியாகராஜர் கீர்த்தனைகளில் 'ராமா' வராத பாட்டைத் தேடுவதுதான் கஷ்டம். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு வரி முணுமுணுப்பார்கள். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவேன். கண்டுபிடித்ததற்காக ஒருவரும் எனக்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. கேசட்டுக்குத்தான் கொடுத்தார்கள். நாட்டிய ஆசிரியைகள் மட்டும் வேறு ரகம். வர்ணம் எத்தனை நிமிடம், பதம் எந்த ராகம், தில்லானா எந்தத் தாளம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வருவார்கள். பாட்டுகளைத் தேடி, அளவு பார்த்து, வரிசைப்படுத்திக் கொடுத்தால் பேரம் பேசாமல் பணம் வைப்பார்கள். வகுப்பு அடுத்த நாள் நடந்தாக வேண்டுமே!

லண்டன்காரர்களுக்கும் இதே பாடம்தான். ஒலிக்கும் பாட்டின் பெயரைச் சொல்லும் ஷஸாம், 1999இல் தொடங்கப்பட்ட லண்டன் நிறுவனம். 2002இல் பிரிட்டனில் சேவையைத் திறந்தபோது ஸ்மார்ட்ஃபோன் ஏது? 2580 என்ற எண்ணை அழைத்து, பாட்டு ஒலிக்கும் பக்கம் ஃபோனைக் காட்ட வேண்டும். சற்று நேரத்தில் பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வரும். அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் பிற்காலத்தில் அவர்களுடைய வருமானம் விளம்பரத்திலும், கண்டுபிடித்த பாட்டை வாங்க வாடிக்கையாளரைக் கடைக்கு அனுப்பிவைக்கும் கமிஷனிலும்தான் வந்தது. 2018இல் ஆப்பிள் அதை வாங்கியது. இன்று அந்தச் சேவை இலவசம். இலவசமாகக் கிடைப்பதன் பக்கத்தில் 99 ரூபாய் விலைச்சீட்டை ஒட்டுவது லேசான காரியமில்லை.

அவர்களால் முடியாததை நீங்கள் செய்வதாகத்தானே சொல்கிறீர்கள்? சரி, அவர்களால் ஏன் முடியவில்லை என்று பார்ப்போம். ஷஸாம் பாட்டைக் 'கேட்பது' கிடையாது. ஒலிப்பதிவில் எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. அந்தப் புள்ளிகளை இரண்டிரண்டாக இணைத்து எண்களாக்கிச் சேமித்து, உங்கள் ஃபோன் அனுப்பும் எண்களோடு பொருத்துகிறது. அதனால்தான் ஹோட்டல் இரைச்சலிலும் பாட்டைப் பிடிக்கிறது. ஆனால் அது அடையாளம் காண்பது குறிப்பிட்ட ஓர் ஒலிப்பதிவை. அதே வித்வான் அதே கீர்த்தனையை அடுத்த வாரம் இன்னொரு சபாவில் பாடினால் அதற்கு அது வேறு பாட்டு. ஆகவே கச்சேரியில் ஃபோனை நீட்டும் யோசனைக்கு இந்த முறை உதவாது.

முணுமுணுப்பைத் தேடுவது தனிக் கலை. மெட்டு ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று மட்டும் பார்த்துத் தேடலாம் என்று 1995இலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கூகுள் 2020 அக்டோபரில் முணுமுணுத்துத் தேடும் வசதியைக் கொண்டுவந்தது. நம் இசையில் நிலைமை எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஆண் குரல் ஒரு கட்டை ஸ்ருதியில் நிற்கும், நீங்கள் ஐந்தரைக் கட்டையில் பாடுவீர்கள். முதலில் ஸ்ருதியைக் கண்டுபிடிக்காமல் ஸ்வரத்தைப் பற்றிப் பேசவே முடியாது. அடுத்தது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. எழுத்தில் 'க' என்று இருப்பது தோடி ராகத்தில் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்களுக்கும் ஆரோகண அவரோகணம், அதாவது ஏறும் இறங்கும் ஸ்வர வரிசை, ஒன்றே. ஸ்வரங்களை மட்டும் எண்ணும் இயந்திரம் இரண்டையும் ஒரே கூடையில் போடும். போதாக்குறைக்குப் பாடாந்தரம் வேறு. ஒரே கீர்த்தனையின் அனுபல்லவி உங்கள் ஆசிரியரிடம் ஒரு மாதிரி, தஞ்சாவூர்க்காரரிடம் வேறு மாதிரி.

இதெல்லாம் முடியாத காரியம் என்று சொல்லவில்லை. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011 முதல் சில ஆண்டுகள் 'காம்ப்மியூசிக்' என்ற திட்டத்தில் கர்நாடக இசையையும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கேற்றது. ஸ்ருதி கண்டுபிடிப்பது, ராகத்தைப் பிரித்தறிவது பற்றியெல்லாம் கட்டுரைகள் வந்திருக்கின்றன. உங்கள் நண்பர் முதல் வரி எழுதுவதற்கு முன் அவற்றைப் படித்தாக வேண்டும். படித்துவிட்டு அவர் உற்சாகம் குறையாமல் திரும்பி வந்தால் நல்ல ஆள் என்று அர்த்தம்.

என் பெரிய சந்தேகம் தொழில்நுட்பத்தைப் பற்றியது அல்ல. சபாவில் ரசிகருக்குப் பாட்டின் பெயர் தெரியாவிட்டால் பக்கத்து இருக்கை மாமாவிடம் கேட்பார். மாமா ராகத்தைச் சொல்வார், இயற்றியவரைச் சொல்வார், கேட்காமலேயே அதை 1960களில் யார் எப்படிப் பாடினார் என்பதையும் சொல்வார். மாதக் கட்டணம் கிடையாது. இவரோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பணம் கொடுக்கக்கூடியவர் வேறோர் இடத்தில் இருக்கிறார். உங்களுக்குத் தெரிந்த பாட்டு ஆசிரியை ஒருவரின் ஃபோனை வாங்கிப் பாருங்கள். நியூ ஜெர்சி, மெல்போர்ன், துபாய் என்று வாட்ஸ்அப்பில் வகுப்பு நடத்துகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே நூற்றுக்கணக்கான ஒலிப்பதிவுகள் கிடக்கும். பலவற்றின் பெயரும் ஏ.யு.டி. என்று தொடங்கி, தேதியும் ஏதோ ஓர் எண்ணுமாக இருக்கும். "போன சித்திரையில் சொல்லிக் கொடுத்த அந்தச் சரணத்தை மறுபடி அனுப்புங்கள்" என்று மாணவியின் அம்மா கேட்பார். ஆசிரியை அரை மணி நேரம் தேடுவார், கிடைக்காது. கடைசியில் மறுபடி பாடி அனுப்புவார். அவர் ஒரு வரி முணுமுணுத்தவுடன், அவருடைய ஒலிப்பதிவுகளுக்குள்ளேயே அந்தப் பாட்டு எந்தப் பதிவில், எந்த நிமிடத்தில் இருக்கிறது என்று காட்டும் செயலிக்கு அவர் பணம் கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

இதில் உங்களுக்கு வேறு சௌகரியமும் உண்டு. ஸ்ருதி தெரியும், அவர் பெரும்பாலும் மாற்றமாட்டார். பாடாந்தரம் ஒன்றே. தேட வேண்டியது உலகத்து இசை முழுவதையும் அல்ல, சில நூறு பதிவுகளை. நான் மேலே சொன்ன தொல்லைகளில் பாதி அங்கே இல்லை.

கேள்வி: பேட்டன்ட் வாங்கிவிட்டுத்தான் வெளியே பேச வேண்டுமா?

பதில்: இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு வணிக முறை, கணித முறை, வெறும் கணினி நிரல் ஆகியவற்றுக்குப் பேட்டன்ட் கிடையாது என்கிறது. பதிப்புரிமைச் சட்டமும் யோசனையைக் காப்பாற்றாது, அதற்குக் கொடுத்த வடிவத்தைத்தான் காப்பாற்றும். ஒரு நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. உங்கள் யோசனையை நான் தைரியமாக அச்சில் போட்டது அதனால்தான். செயலியின் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. நிரலை எழுதுவது நண்பர். அவர் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் இல்லையென்றால், நீங்கள் பணம் கொடுத்திருந்தாலும் நிரலின் முதல் உரிமையாளர் அவர்தான். எழுத்தில் உரிமையை மாற்றித் தந்தால்தான் உங்களுடையதாகும். அந்தப் பத்திரத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டுகள் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர்கள் மெல்போர்னில் இருக்கும்போது இது விளையாட்டல்ல. நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாடல் வரிகளையும் பிரபல வித்வான்களின் ஒலிப்பதிவுகளையும் செயலியில் போடலாமா?

பதில்: இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறீர்கள், சட்டம் தனித்தனியாகப் பார்க்கிறது. சாகித்யத்துக்கு, அதாவது பாடல் வரிகளுக்கு, இயற்றியவர் காலமான பிறகு 60 ஆண்டுகள் உரிமை. தியாகராஜர் மறைந்தது 1847இல், தீட்சிதர் 1835இல், சியாமா சாஸ்திரி 1827இல். மூவரின் கீர்த்தனைகளும் பொதுச் சொத்து. பாபநாசம் சிவன் 1973இல்தான் மறைந்தார். அவர் பாடல்கள் 2033 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. தியாகராஜர் கீர்த்தனையே ஆனாலும், ஒருவர் அண்மையில் எழுதிய பொழிப்புரையை அப்படியே எடுத்துப் போட முடியாது.

ஒலிப்பதிவுக்கு வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டுகள். பாடியவருக்கும் தனியாக உரிமை உண்டு. பதிவை வெளியிட்ட நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். பாட்டின் பெயர், ராகம், தாளம், இயற்றியவர் என்ற விவரங்களைத் தருவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆசிரியையின் சொந்த வகுப்புப் பதிவுகள் என்றால் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கினால் போதும். குழந்தைகளின் குரலும் அதில் இருக்கும், பெற்றோரிடமும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: படிப்பை முடித்துவிட்டு ஆரம்பி என்கிறார் அப்பா. எவ்வளவு முதல் தேவைப்படும்?

பதில்: அப்பா சொல்வதில் தவறில்லை, ஆனால் இதற்காகப் படிப்பை நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. கூகுள் ப்ளேயில் கணக்குத் திறக்க ஒருமுறை 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர், அது இப்போது வேண்டாம். இந்தச் செயலிக் கடைகளின் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் 99 ரூபாயில் 84 ரூபாய்தான் கைக்கு வரும் என்பதையும் நண்பரிடம் சொல்லிவையுங்கள். அவர் கணக்கில் அது இருக்காது.

அந்த 25 டாலரையும் இன்றைக்கே கட்ட வேண்டாம். நான்கைந்து ஆசிரியைகளிடம் போய், "தேட வேண்டிய பாட்டை முணுமுணுத்து அனுப்புங்கள், தேடித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அவர்களுடைய பதிவுகளை வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் காதால் தேடி, நிமிடத்தோடு பதில் அனுப்புங்கள். ராகம் பிரித்தறியக் கற்றவர் நீங்கள், உங்களுக்கு இது சாதகம் செய்த மாதிரியும் ஆயிற்று. இரண்டாவது மாதம் கட்டணம் கேளுங்கள். யார் கொடுக்கிறார், யார் நழுவுகிறார், தேடலைத் தவிர வேறென்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நண்பர் எதைச் செய்ய வேண்டும் என்பது அந்த நோட்டிலிருந்து தெரியும்.

விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள் சேர்வார்கள், ஆசிரியைகளுக்கு ஒலிப்பதிவுகள் குவியும். அதற்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள். மார்கழிக் கச்சேரி சீசன் வந்துவிட்டால் யாரும் உங்கள் ஃபோனை எடுக்கமாட்டார்கள்.